கட்டிங்குக்கு ஓர் ஆள்

1

ஒயினை யாரும் கேட்டு வாங்காத கடைக்குத்தான் நம் ஊரில் ஒயின்ஷாப் என்று பெயர். போர்டில் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம் என்று எழுதியிருக்கும். உள்ளே பிராந்தி, ரம், விஸ்கி, பீர். ஒயின் இருந்தாலும் மேல்தட்டில் ஓரமாக இருக்கும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் மூன்று வருடம் வேலை பார்த்தேன். ஷிப்ட் முடிந்து வந்து கம்பிக்கூண்டுக்கு முன்னால் நிற்கிற யாரும் ஒயின் கேட்டு நான் பார்த்ததில்லை. ஆனாலும் பேர் மட்டும் அப்படியே நிற்கிறது.

கலிபோர்னியாவில் இருக்கும் கல்லூரி நண்பன் ஒருவன் போன வருடம் ஒயின் கிளப் ஒன்றில் சேர்ந்தான். மாதாமாதம் பணம் கட்டினால் இரண்டு பாட்டில் வீட்டுக்கு வரும். கூடவே ஒரு அட்டை: எந்தத் தோட்டம், என்ன திராட்சை, எந்த வருடத்து அறுவடை, எதோடு சேர்த்துச் சாப்பிடலாம். வருடத்தில் சில முறை தோட்டத்திலேயே உறுப்பினர்கள் கூடுவார்கள்.

"குடிக்கிறதுக்கு ஒரு கிளப்பாடா?" என்று கேட்டேன்.

"குடிக்கிறதுக்கு இல்ல மச்சி. தெரிஞ்சுக்கிறதுக்கு" என்றான். அப்புறம் நன்மைகளை அடுக்கினான். கடை விலையைவிடக் குறைவு. ருசி பழகும். அளவா குடிச்சா இதயத்துக்கு நல்லது. நாலு நல்ல மனுஷங்க பழக்கமாவாங்க.

இந்தப் பட்டியலைக் கேலி செய்வது சுலபம். தமிழ்நாட்டில் அப்படி ஒரு கிளப்பில் சேரவும் முடியாது. 2003இலிருந்து இங்கே சில்லறைக் கடை முழுக்க டாஸ்மாக் கையில், வீட்டுக்குப் பாட்டில் அனுப்பும் ஏற்பாடும் கிடையாது. டெல்லியிலும் பெங்களூரிலும் ஒயின் பிரியர்கள் சேர்ந்து ருசி பார்க்கும் குழுக்கள் இருக்கின்றன. நாசிக்கில் திராட்சைத் தோட்டத்துக்கு நடுவிலேயே உட்கார்ந்து ருசிக்க மேசை போட்டிருக்கிறார்கள். நமக்கு அதெல்லாம் இன்ஸ்டாகிராமில் பார்க்கும் விஷயம். இருந்தாலும் அவன் பட்டியலை அப்படியே தள்ளிவிட மனசு வரவில்லை. அதற்குள் ஒரு பழைய கேள்வி உட்கார்ந்திருக்கிறது: சேர்ந்து குடிப்பது தனியாகக் குடிப்பதைவிட நல்லதா? நல்லதென்றால், எதனால்?

2

நன்மைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

இதயம். 1991 நவம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் '60 மினிட்ஸ்' என்ற நிகழ்ச்சி, வெண்ணெயும் கொழுப்பும் சாப்பிடும் பிரெஞ்சுக்காரர்களுக்கு மாரடைப்பு ஏன் குறைவு என்று கேட்டு, சிவப்பு ஒயினைக் காரணமாகக் காட்டியது. அதற்குப் பிறகு அமெரிக்காவில் சிவப்பு ஒயின் விற்பனை எகிறியது. 'பிரெஞ்சு முரண்' என்று பேரும் வந்தது. பிற்கால ஆய்வுகள் அந்த நம்பிக்கையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிட்டன. 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் தெளிவாகச் சொல்லிவிட்டது: மதுவில் உடம்புக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை. ஆக, இதயம் போயிற்று.

விலை. வாங்கத் தேவையில்லாத ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்குவது லாபமா என்பது வீட்டில் கேட்க வேண்டிய கேள்வி. அதைத் தத்துவத்துக்குள் இழுக்க வேண்டாம்.

ருசி. இதைக் கொஞ்சம் மதிக்க வேண்டும். ருசி பார்க்கும் கூட்டங்களில் ஊற்றுவது ஐம்பது அறுபது மில்லிதான். முதலில் நிறத்தைப் பார்க்கிறார்கள், பிறகு மோந்து பார்க்கிறார்கள், வாயில் வைத்துச் சுழற்றுகிறார்கள், பலர் துப்பியும் விடுகிறார்கள். எந்தப் பழத்தின் வாசனை, எந்த மண்ணின் வாசனை என்று விவாதம். பார்க்கச் சிரிப்பு வரலாம். ஆனால் கவனம் நிதானத்தைக் கொண்டுவருகிறது. தன் கையில் இருப்பதை மோந்து பார்க்கிறவன் மடக்கென்று ஊற்றிக்கொள்ள மாட்டான்.

ஒரு கணக்கு. குவார்ட்டர் என்பது 180 மில்லி. அதில் 42.8 சதவீதம் ஆல்கஹால். அதாவது 77 மில்லி சுத்தமான ஆல்கஹால். ஒயினில் பொதுவாக 12.5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், அதே 77 மில்லி உள்ளே போக 616 மில்லி ஒயின் குடிக்க வேண்டும். நாலு கிளாஸுக்கு மேல். என் நண்பனின் கிளப்பில் ஒரு சாயந்திரம் முழுக்க, சாப்பாட்டோடும் பேச்சோடும், நாலு பேருக்குப் பிரித்து ஊற்றும் அளவு அது. கும்மிடிப்பூண்டியில் அதை ஒரே ஆள், வாட்டர் பாக்கெட்டைப் பல்லால் கடித்துக் கலந்து, பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டு ரயிலைப் பிடிக்க ஓடுகிறான்.

எதற்காக ஓட வேண்டும்? அவனுக்கு உட்கார இடமில்லை. காத்திருக்க ஆளில்லை. மோந்து பார்க்க அதில் ஒன்றும் இல்லை. ருசிக்கும் பழக்கமே ஓர் இடமும் இன்னொரு ஆளும் இருந்தால்தான் வருகிறது. பட்டியலில் கடைசியாக மிஞ்சுவது ஒன்றே ஒன்றுதான்: நாலு மனுஷங்க.

3

கும்மிடிப்பூண்டி சென்னையிலிருந்து வடக்கே போகும் புறநகர் ரயில் பாதையில் இருக்கிறது. எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை தாண்டி வரும். இன்னும் கொஞ்சம் போனால் ஆரம்பாக்கம், அதற்கப்பால் ஆந்திரா. இரும்பு உருக்கும் ஆலைகள், கம்பி இழுக்கும் ஆலைகள், வாகன உதிரிபாகக் கம்பெனிகள். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், வங்காளம், அசாம் என்று எல்லா ஊர்க்காரர்களும் வேலை செய்கிறார்கள். ஒரு அறையில் எட்டுப் பேர், பத்துப் பேர். ஷிப்டுக்கு ஏற்றபடி பாய் மாறும். ஒருத்தன் எழுந்த சூட்டில் இன்னொருத்தன் படுப்பான்.

இங்கே இருக்கும் ஒயின் கிளப்புக்குப் பெயர் கட்டிங்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். முழுக் குவார்ட்டர் வாங்கக் காசு பத்தாது, அல்லது அவ்வளவு வேண்டாம். கடைப் பக்கம் வந்து பாதிப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பீர்கள். இன்னொருத்தரும் அப்படியே நிற்பார். "கட்டிங்கா?" என்று ஒரு வார்த்தை. தலையாட்டல். காசு சேரும், பாட்டில் வரும். இரண்டு பிளாஸ்டிக் டம்ளரில் ஆளுக்குத் தொண்ணூறு. ஊற்றும்போது இருவர் கண்ணும் டம்ளர் மேலேயே இருக்கும். ஒரு சொட்டு கூடக்குறைய வரக்கூடாது. பாட்டிலை ஊற்றினவர் மற்றவரைத்தான் முதல் டம்ளரை எடுக்கச் சொல்லுவார். அது எழுதாத சட்டம். சினிமாவே எடுத்தாயிற்று, 2010இல் வந்த 'வ' படத்தில், மறுநாள் சவுதிக்குப் போகிறவன் ராத்திரி பூராவும் ஒரு குவார்ட்டருக்கு அலைவான்.

கட்டிங்கில் ஒரு நேர்மை இருக்கிறது. சாதி கேட்பதில்லை, ஊர் கேட்பதில்லை. பாதிக்குப் பாதி. பங்கு என்கிற சொல்லே நம்மிடம் இப்போது நண்பனைக் கூப்பிடும் சொல்லாகிவிட்டது. உலகத்திலேயே மிகச் சிறிய கிளப் இது: உறுப்பினர் இரண்டு பேர், ஆயுள் பத்து நிமிஷம், சந்தா 90 மில்லி.

என்னோடு வேலை பார்த்த வெல்டர் அண்ணன் ஒருவர் இருந்தார். ஊத்துக்கோட்டைப் பக்கத்துக்காரர். சனிக்கிழமை மட்டும் குடிப்பார், அதுவும் கட்டிங் மட்டும். ஏறக்குறைய இரண்டு வருடமாக அவருக்கு ஒரே கூட்டாளி. ஒடியாக்காரர். இவருக்கு இந்தி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. 'ஆதா' என்ற ஒரு சொல் இரண்டு பேருக்கும் பொது. ஏழு மணிக்கு இவர் போனால் அவர் நிற்பார். அவர் முதலில் வந்தால் இவருக்காகக் காத்திருப்பார். வேறு யாராவது கட்டிங் கேட்டால் கையை ஆட்டி மறுத்துவிடுவாராம்.

ஒரு சனிக்கிழமை அவர் வரவில்லை. அடுத்த சனிக்கிழமையும் இல்லை. மூன்றாவது வாரம் அண்ணன் விசாரிக்கலாம் என்று கிளம்பினார். என்னவென்று விசாரிப்பது? பெயர் தெரியாது. எந்தக் கம்பெனி என்று தெரியாது. எந்த லைனில் அறை என்று தெரியாது. கடையில் கேட்டாராம். "யாரு, அந்த ஹிந்திக்காரனா? ரொம்ப நாளா காணோம்" என்றார்களாம். ஊருக்குப் போய்விட்டாரா, வேறு இடத்தில் வேலை கிடைத்ததா, மிஷினில் மாட்டிக்கொண்டாரா, ரயிலில் அடிபட்டாரா, யாருக்கும் தெரியாது. "ரெண்டு வருஷம் தம்பி. ஒரே பாட்டில்ல குடிச்சிருக்கோம். பேரு கேக்கல பாத்துக்க" என்று எங்களிடம் பலமுறை சொன்னார்.

சேர்ந்து குடிப்பதைப் பற்றி எதைப் படித்தாலும் எனக்கு அந்த வாக்கியம்தான் நினைவுக்கு வருகிறது.

4

2023 ஜூலையில் மதுவிலக்குத் துறை அமைச்சர் சு. முத்துசாமி, 90 மில்லி டெட்ரா பாக்கெட்டில் மது விற்பது பற்றி யோசிப்பதாகச் சொன்னார். சொன்ன காரணம் முக்கியமானது. குவார்ட்டர் வாங்க வருகிறவர்களில் பலர், பங்கு போட இன்னொரு ஆள் கிடைப்பதற்காகக் காத்திருக்கிறார்கள். தொண்ணூறு மில்லி தனியாகக் கிடைத்தால் அவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. எதிர்ப்பு வந்தது, கிண்டல் வந்தது. பெரும்பாலும் குப்பையைப் பற்றியும் பள்ளிப் பிள்ளைகளின் கைக்குப் போய்விடும் என்ற பயத்தைப் பற்றியும்தான் பேசினார்கள். எனக்கு உறுத்தியது வேறு. காத்திருப்பு ஓர் இடைஞ்சலாக மட்டும் பார்க்கப்பட்டது. ஒரு மனிதன் இன்னொரு மனிதனுக்காக நிற்கும் அந்தக் கொஞ்ச நேரத்தை நீக்கிவிட்டால் வேலை சுலபமாகும் என்று கணக்கு.

காத்திருக்கும் நேரத்தில் என்னவெல்லாம் நடக்கலாம்? பொண்டாட்டியிடமிருந்து போன் வரலாம். மழை வரலாம். ரயில் வந்துவிடலாம். மனசு மாறலாம். குடிக்கும் வழியில் இருந்த கடைசி வேகத்தடை அந்த இன்னொரு ஆள்.

கிரேக்கர்கள் இதை யோசித்திருக்கிறார்கள். சேர்ந்து குடிக்கும் விருந்துக்கு அவர்கள் ஒரு தலைவரை வைத்தார்கள். ஒயினில் எவ்வளவு தண்ணீர் கலப்பது, எத்தனை சுற்று என்று தீர்மானிப்பது அவர் வேலை. பிளேட்டோ கடைசிக் காலத்தில் எழுதிய 'சட்டங்கள்' நூலில் ஒரு ஸ்பார்ட்டாக்காரர், எங்கள் ஊரில் குடி விருந்தே கிடையாது என்று பெருமை அடிக்கிறார். ஏதென்ஸ்காரர் ஒத்துக்கொள்வதில்லை. ஒழுங்காக நடத்தப்படும் குடி விருந்து தன்னடக்கத்துக்கு ஒரு பயிற்சிக்களம் என்கிறார். போர்க்களத்தில் பயத்தைச் சோதிப்பதுபோல இங்கே ஆசையைச் சோதிக்கலாம். ஆனால் நிபந்தனை உண்டு. விருந்தை நடத்துகிறவர் குடிக்காமல் இருக்க வேண்டும். வயதும் உண்டு: 18 வரை தொடவே கூடாது, 30 வரை அளவோடு, தாராளமெல்லாம் 40க்கு மேல்தான்.

நம் பக்கம் பார்த்தால், அதியமான் இறந்தபோது ஔவையார் பாடியதாகப் புறநானூற்றில் இருக்கும் கையறுநிலைப் பாட்டில், அவனுடைய வீரத்துக்கு முன்னால் கள்ளைப் பகிர்ந்த விதம்தான் வருகிறது. இருப்பது கொஞ்சமானால் யாருக்குப் போகும் என்பதில்தான் அவன் யாரென்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. வள்ளுவரோ கள்ளுண்ணாமைக்கு 93ஆம் அதிகாரத்தை முழுசாகக் கொடுத்து, சூதுக்குப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டார். இரண்டும் ஒரே மொழியில்தான் இருக்கின்றன. இரண்டில் ஒன்றைத் தூக்கிப் போடாமல் யோசிக்க வேண்டியிருக்கிறது.

இங்கே எதிர்க்கேள்வி ஒன்று வரும். வரவும் வேண்டும். கூட்டம் எப்போது நிறுத்தியது? கூட்டம்தானே ஊற்றிக் கொடுத்தது? முதல் பீரை யாரும் தனியாகக் குடிப்பதில்லை. "ஒண்ணே ஒண்ணு மச்சி", "நம்ம செட்ல நீ மட்டும் என்ன சாமியாரா?", சம்பள நாள் ட்ரீட், பொறந்தநாள் ட்ரீட், பெர்மனென்ட் ஆன ட்ரீட். சிப்காட்டில் குடிக்காத பையனுக்கு சூப்பர்வைசரின் வட்டத்தில் இடம் கிடைப்பது கஷ்டம் என்பது எல்லோருக்கும் தெரியும். அங்கேதான் ஓவர்டைம் யாருக்கு என்று முடிவாகும். அப்போது அந்தக் கிளப்பில் சேராமல் இருப்பதற்கும் ஒரு விலை இருக்கிறது.

உண்மைதான். அதனால்தான் சேர்ந்து குடிப்பது நல்லது என்று பொத்தாம்பொதுவாக நான் சொல்லவில்லை. அரிஸ்டாட்டில் நட்பை மூன்றாகப் பிரித்தார்: பயனுக்காக, இன்பத்துக்காக, ஒருவர் இன்னொருவரின் நன்மைக்காக. முதல் இரண்டும் பயனும் இன்பமும் தீர்ந்ததும் தீர்ந்துவிடும். கட்டிங் முதல் வகை. செட் சேர்ந்து அடிப்பது இரண்டாம் வகை. மூன்றாம் வகைக்குக் குடிக்கும் இடத்தில் ஒரே ஓர் அடையாளம்தான் உண்டு. 'போதும்' என்று ஒருவர் சொன்னால் மற்றவர் கேட்பாரா? கேட்காவிட்டாலும், சொன்னதற்காகச் சொன்னவரை வெறுக்காமல் இருப்பாரா? இந்தக் கேள்விக்கு ஆமாம் என்று பதில் வரும் வட்டம்தான் கிளப். மற்றதெல்லாம் கூட்டம்.

5

இப்போது கொஞ்சம் மேல்தட்டுக்குப் போவோம்.

மெட்ராஸ் கிளப் 1832இல் தொடங்கியது. நெடுங்காலம் வெள்ளைக்காரர்களுக்கு மட்டும். இந்தியக் கனவான்கள் அதற்குப் பதிலாக 1873இல் காஸ்மோபாலிட்டன் கிளப்பைத் தொடங்கினார்கள். இன்றும் தமிழ்நாட்டில் கிளப்புகளுக்கு மது பரிமாறத் தனி உரிமம் இருக்கிறது, நட்சத்திர ஓட்டல்களுக்குத் தனி உரிமம் இருக்கிறது. அங்கே ஊற்றப்படுவதிலும் ஆல்கஹால் ஆல்கஹால்தான். ஈரலுக்கு வித்தியாசம் தெரியாது.

ஆனால் அந்த இடத்தைக் கவனியுங்கள். நாற்காலி இருக்கிறது. நல்ல தண்ணீர், சூடான சாப்பாடு, சுத்தமான கழிப்பறை. பரிமாறுகிறவருக்கு உங்கள் பெயர் தெரியும். கலாட்டா செய்தால் உறுப்பினர் பதவி போகும், அதனால் குரல் தானாகத் தாழும். தள்ளாடினால் டிரைவர் இருக்கிறார். கிளப்பில் குடிக்கிறவரை 'சோஷியல் டிரிங்கர்' என்கிறோம். ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு குடிக்கிறவரைக் 'குடிகாரன்' என்கிறோம். ஒருவருக்கு நாகரிகம் என்று நாம் மார்க் போடுவதில் பாதி அவருக்குக் கொடுக்கப்பட்ட நாற்காலிக்குப் போக வேண்டியது.

அந்த நாற்காலி எப்படி வந்தது என்பதையும் மறக்கக்கூடாது. யாரை உள்ளே விடுவதில்லை என்பதால்தான் கிளப் கிளப்பாக இருக்கிறது. 2014 ஜூலையில் சேப்பாக்கத்தில் ஒரு கிரிக்கெட் கிளப்புக்கு வேட்டி கட்டிப் போன உயர் நீதிமன்ற நீதிபதியையே வாசலில் திருப்பி அனுப்பினார்கள். அடுத்த மாதம் சட்டமன்றம் அதற்கென்றே ஒரு சட்டம் போட வேண்டியிருந்தது. நீதிபதிக்குச் சட்டம் கிடைத்தது. வெல்டருக்கு நாற்காலி கிடைக்கவில்லை.

1937இல் ராஜாஜி சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1971இல் போனது, 1974இல் வந்தது, 1981இல் மறுபடி போனது. 1983இல் டாஸ்மாக் உருவானது. முதலில் மொத்த விற்பனை, 2003இலிருந்து சில்லறையும். 2025இல் ஏறத்தாழ 4,800 கடைகள். 2023-24இல் வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். இவ்வளவு பெரிய ஏற்பாட்டில் குடிக்கிறவன் ஒரு வாடிக்கையாளன் மட்டும்தான். திருவள்ளூர் மாவட்டத்தில் பனை நிறைய. 1987இலிருந்து கள்ளுக்குத் தடை. கள்ளுக்கடைக் காலத்தில் எல்லாம் சுகமாக இருந்தது என்று நான் கதை விடமாட்டேன். அங்கேயும் குடும்பங்கள் அழிந்தன, அங்கேயும் சாதி உட்காரும் இடத்தைத் தீர்மானித்தது. ஆனாலும் கள் இறக்குகிறவருக்குக் குடிக்கிறவன் யார் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்திருக்கும். கம்பிக்கூண்டுக்குள் இருக்கிறவருக்குத் தெரிவது உள்ளே நீட்டும் கை மட்டும். அரசு மதுவைக் கொடுத்தது, இடத்தைக் கொடுக்கவில்லை.

6

இதுவரை நான் சொன்னதில் ஒரு பெண்கூட வரவில்லை. போன் பண்ணும் பொண்டாட்டியைத் தவிர.

தேசியக் குடும்பநல ஆய்வின் 2019-21 கணக்குப்படி தமிழ்நாட்டில் வயதுவந்த ஆண்களில் நாலில் ஒருவர் குடிக்கிறார். பெண்களில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. பிளேட்டோவின் 'விருந்து' நூலிலும் இதே கதைதான். குழல் வாசிக்க வந்த பெண்ணை முதலிலேயே வெளியே அனுப்பிவிடுகிறார்கள். அதன் பிறகு ராத்திரி முழுக்கக் காதலைப் பற்றி ஆண்களின் பேச்சு. தியோதிமா என்ற பெண்ணின் கருத்து வருகிறது. சாக்ரடீஸ் சொல்லும் மேற்கோளாக மட்டும்.

சேர்ந்து குடிப்பதன் நன்மைகளைப் பற்றி எந்த ஆண் எழுதினாலும், என்னையும் சேர்த்துத்தான், அந்தச் செலவுச் சீட்டு யார் பெயரில் போகிறது என்று கேட்க வேண்டும். குடிக்கிறவனின் மனைவி, கேட்காமலே உறுப்பினராக்கப்பட்டவள். சந்தா கட்டுகிறாள், கூட்டத்துக்குப் போவதில்லை, ராஜினாமா செய்யவும் வழியில்லை. 'போதும்' என்று சொல்லும் உரிமை முதலில் யாருக்கு என்றால் அவளுக்குத்தான். சொன்னால் என்ன நடக்கும் என்பதும் நமக்குத் தெரியும்.

ஆனாலும் அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். 1921இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியலை நாகம்மையாரும் கண்ணம்மாளும் முன்னின்று நடத்தினார்கள். 2017 ஏப்ரலில் திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் கடைக்கு எதிராக நின்ற பெண்ணைப் போலீஸ் அதிகாரி கன்னத்தில் அறைந்ததை நாம் எல்லோரும் வீடியோவில் பார்த்தோம். மதுவிலக்கு வேண்டும் என்பவர்களின் கோரிக்கையை நான் சுலபமாகத் தள்ள மாட்டேன். 2015இல் காந்தியவாதி சசிபெருமாள் அதற்காகச் செல்போன் கோபுரத்தில் ஏறியே உயிரை விட்டார். அதே சமயம் 2023 மே மாதம் மரக்காணம் எக்கியார்குப்பத்திலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் மெத்தனால் கலந்த சாராயம் என்ன செய்தது என்றும் பார்த்தோம். கள்ளக்குறிச்சியில் மட்டும் அறுபதுக்கு மேல் சாவு. கடையை மூடினால் குடி மூடிக்கொள்ளும் என்பதற்கு அது ஒரு கசப்பான பதில். கடையைத் திறந்துவைத்தாலும் ஏழைக்கு அந்த விலை கட்டாது என்பதற்கும் அதுவே பதில்.

7

1935 மே மாதம். அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்தில் ஆக்ரன் என்ற ஊர். பில் வில்சன் என்ற பங்குச்சந்தைக்காரர் வியாபார வேலையாக வந்து, காரியம் கெட்டு, ஓட்டல் முன்கூடத்தில் நிற்கிறார். குடியை நிறுத்திச் சில மாதங்கள்தான் ஆகின்றன. பக்கத்திலேயே பார். உள்ளிருந்து சிரிப்பும் பேச்சும். அவர் டெலிபோன் பக்கம் போய், ஊரில் இருக்கும் தேவாலயங்களைக் கூப்பிட ஆரம்பிக்கிறார். அவர் தேடியது டாக்டரையோ பாதிரியாரையோ இல்லை. தன்னைப் போலக் குடியில் மாட்டிக்கொண்ட இன்னொரு ஆள் வேண்டும், பேசுவதற்கு. கடைசியில் பாப் ஸ்மித் என்ற அறுவைச் சிகிச்சை டாக்டர் கிடைக்கிறார். கால் மணி நேரம் மட்டும் என்று சொல்லி உட்கார்ந்த டாக்டர் பல மணி நேரம் பேசினார். அந்த ஜூன் 10ஆம் தேதியை ஆல்கஹாலிக்ஸ் அநானிமஸ் தன் தொடக்க நாளாக வைத்திருக்கிறது.

இதைப் படித்தபோது எனக்கு கும்மிடிப்பூண்டிதான் ஞாபகம் வந்தது. வில்சன் அன்றைக்குத் தேடியதும் கட்டிங்குக்கு ஓர் ஆள்தான். பங்கு போட்டது மட்டும் வேறு.

அந்த அமைப்பின் கூட்டங்கள் இப்போது தமிழிலும் நடக்கின்றன. சந்தா கிடையாது. குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை இருந்தால் போதும், உறுப்பினர். டீ உண்டு. நாற்காலி உண்டு. பெயர் மட்டும் சொல்லுவார்கள், அதன் பின்னால் ஊரோ சாதியோ ஒட்டாது. ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடுவதில்லை. புதிதாக வந்தவருக்கு ஒரு மூத்தவர் துணையாக இருப்பார். அவர் வராமல் போனால் யாராவது போன் பண்ணுவார்கள். இதில் எல்லோரும் குணமாகிவிடுவதில்லை. கடவுள் பேச்சு சிலருக்கு ஒத்துவராது. சிலருக்கு மருந்தும் மருத்துவமனையும் தேவைப்படும்; சென்னையில் 1980இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை போல, குடியை நோயாகப் பார்த்து, குடும்பத்தையும் சேர்த்து உட்காரவைக்கும் இடங்கள் வேண்டும். ஆனால் ஒன்று தெரிகிறது. வட்டம், நாற்காலி, பெயர், வராவிட்டால் தேடும் ஆள்: ஒயின் கிளப்பின் நன்மைகள் என்று என் நண்பன் சொன்னதில் மிஞ்சியதெல்லாம் ஒயினே இல்லாமல் இங்கே இருக்கிறது.

அப்படியென்றால் அந்த நன்மை ஒயினுக்குச் சொந்தமில்லை. நாம் அதைப் பாட்டிலுக்கு வரவு வைத்துவிட்டோம். பன்னிரண்டு மணி நேரம் உலைக்கு முன்னால் நின்றவனுக்குச் சாயந்திரம் ஏழு மணிக்குத் தேவைப்படுவது என்ன? சத்தம் இல்லாத ஓர் இடம், தன்னை டோக்கன் நம்பரால் கூப்பிடாத ஓர் ஆள், கொஞ்சம் பேச்சு. அறையில் பத்துப் பேர் தூங்குகிறார்கள். டீக்கடையில் ரொம்ப நேரம் உட்கார்ந்தால் ஓனர் முறைப்பார். திறந்திருப்பது கம்பிக்கூண்டு ஒன்றுதான். அதனால் அங்கே போகிறான்.

ஒரு காலத்தில் நம் தெருமுனைகளில் படிப்பகங்கள் இருந்தன. ஒரு பெஞ்சு, நாலு பத்திரிகை, உரக்கப் படிக்க ஓர் ஆள், சண்டை போட நாலு ஆள். மன்றங்கள் இருந்தன. திராவிட இயக்கமும் இடதுசாரிகளும் அங்கேதான் வளர்ந்தார்கள். அங்கேயும் பெண்கள் இல்லை என்பது சரிதான். இனி வைத்தால் அவர்களுக்கும் சேர்த்துத்தான் வைக்க வேண்டும். ஒடியாவிலும் இந்தியிலும் நாலு பத்திரிகை போட வேண்டும். பெரிய தொழிற்பேட்டையில் லாரி நிறுத்த இடம் ஒதுக்குகிறார்கள், கழிவுநீருக்கு இடம் ஒதுக்குகிறார்கள். வேலை முடிந்த மனிதன் காசு கொடுக்காமல் ஒரு மணி நேரம் உட்கார இடம் ஒதுக்குவது முடியாத காரியமா என்ன?

அதுவரைக்கும், குடிக்கிறவர்களிடம் இரண்டு விஷயம் மட்டும் கேட்கலாம். உங்கள் வட்டத்தில் 'போதும்' என்று சொல்ல ஒருவர் இருக்கிறாரா? அடுத்த சனிக்கிழமை நீங்கள் வராவிட்டால், உங்களைத் தேடி வரும் அளவுக்கு யாருக்காவது உங்கள் பெயர் தெரியுமா?

வெல்டர் அண்ணன் இப்போது வேறு கம்பெனிக்கு மாறிவிட்டார். கட்டிங் போடுகிறாரா என்று நான் கேட்கவில்லை. போட்டால், ஊற்றுவதற்கு முன்னால் எதிராளியின் பேரைக் கேட்டுவிடுகிறாராம். "அது ஆச்சு தம்பி, புதுசா ஒரு பழக்கம்" என்றார்.